ஆங்கில வாக்கியத்தில் ஃப்ரேஸல் வெர்ப் இடறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வங்கித் தேர்வுக்கும் குரூப் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து, தினமும் மாலையில் ஆங்கிலச் செய்தித்தாளை வரிவரியாக வாசிப்பது என் வேலை. எத்தனை செட் பிள்ளைகள் மாறினாலும் வண்டி நிற்கிற இடம் மட்டும் மாறவில்லை. பெரிய சொல் வந்தால் யாரும் பயப்படுவதில்லை, அகராதியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அப், ஆஃப், அவுட், இன் என்று ஒரு குட்டிச் சொல் வினைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்போதுதான், அதுவும் வாக்கியம் மூன்று வரி நீளும்போது, நின்றுபோகிறார்கள். ஒரே பழுதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் கையில் ஒரு வரிசை பிடிபட்டது. அதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

வினைக்குப் பின்னால் வருகிற அந்தக் குட்டிச் சொல்லை வகுப்பில் நாங்கள் வால் என்று சொல்வோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். வினையும் வாலும் சேர்ந்து ஒரே சொல்லாகப் புதுப் பொருள் தந்தால் அதுதான் ஃப்ரேஸல் வெர்ப். கையில் பென்சில் வேண்டும், வாக்கியம் முழுசாகக் கண் முன்னால் இருக்க வேண்டும், அகராதியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் வினையைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் வால் எந்த வினையுடையது என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அகராதி. இந்த வரிசை மாறினால் எவ்வளவு நல்ல அகராதியும் தப்பான பொருளைத்தான் கையில் கொடுக்கும், ஏனென்றால் தப்பான கேள்வியைத்தான் நாம் அதனிடம் கேட்டிருப்போம்.

அறிகுறி: எல்லாச் சொல்லும் தெரியும், வாக்கியம் மட்டும் புரியவில்லை

"தி போர்டு புட் ஆஃப் தி எக்ஸாம் பிகாஸ் ஆஃப் தி ரெயின்ஸ்." போர்டு தெரியும், புட் என்றால் வை, ஆஃப் என்றால் அணைப்பது, எக்ஸாம் தெரியும். கூட்டிப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

எளிதான காரணம்தான் இங்கே: வினையையும் வாலையும் தனித்தனியாகப் படித்துவிட்டீர்கள். சோதனை இப்படி. வாலைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். "தி போர்டு புட் தி எக்ஸாம்." புட் என்றால் எங்காவது வைக்க வேண்டுமே, எங்கே வைத்தார்கள்? இடம் இல்லை. வினை கேட்கிற பொருள் வாக்கியத்தில் இல்லையென்றால், அந்த வினை தன் சொந்தப் பொருளில் வரவில்லை, வாலோடு சேர்ந்து வேறு வினையாகிவிட்டது. "ஷி கேவ் அப் தி ஜாப்" என்பதிலும் அதே சோதனை: கொடுத்தாள் என்றால் யாருக்குக் கொடுத்தாள்? ஆளே இல்லை. ஆகவே கேவ் அப் ஒரே சொல், விட்டுவிட்டாள்.

இது புதிய வித்தை என்று நினைத்து மலைக்க வேண்டாம், தமிழில் நாம் நாள் முழுக்கச் செய்வதுதான். பார்த்துக்கொள் என்பதில் பார்ப்பதும் இல்லை, கொள்வதும் இல்லை, பராமரிப்புதான் இருக்கிறது. காட்டிக்கொடு, விட்டுக்கொடு, கைகொடு என்று மூன்றிலும் கொடு வருகிறது, மூன்றும் மூன்று திசையில் போகின்றன, ஆனாலும் நமக்கு ஒரு நாளும் குழம்பியதில்லை. கிவ் அவே, கிவ் இன் என்று வந்தால் மட்டும் சொல்லைப் பிரித்துப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. காட்டிக்கொடுப்பதும் விட்டுக்கொடுப்பதும்தான் அவை இரண்டும்.

ஒரே சொல் என்று தெரிந்த பிறகு, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, சுற்றியிருப்பதை வைத்துத் தமிழில் நிரப்பிப் பாருங்கள். மழை காரணமாக வாரியம் தேர்வை என்ன செய்திருக்கும்? தள்ளிவைத்திருக்கும், அல்லது ரத்து செய்திருக்கும். இரண்டுக்குமேல் வர வழியில்லை. அடுத்த வரியில் புதிய தேதி இருந்தால் தள்ளிவைத்ததுதான். இப்போது அகராதியைத் திறந்தால், இரண்டில் எது என்று உறுதிசெய்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ரத்து செய்வதற்கு கால் ஆஃப் என்ற வேறொரு வினை இருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுவீர்கள்.

சிலர் வாலுக்கென்றே பொருள் மனப்பாடம் செய்வார்கள், அப் என்றால் முழுவதும், ஆன் என்றால் தொடர்ந்து என்று. ஓரளவு உதவும்: யூஸ் அப் என்றால் தீர்த்துவிடுவது, கேரி ஆன் என்றால் தொடர்வது. ஆனால் ஸ்லோ அப், ஸ்லோ டவுன் இரண்டும் வேகத்தைக் குறைப்பதுதான், ஃபில் இன், ஃபில் அவுட் இரண்டும் படிவத்தை நிரப்புவதுதான். ஊகிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் தேர்வில் விடை குறிக்காதீர்கள்.

அறிகுறி: வினை கிடைத்தது, வாலைக் காணோம்

"தி மேனேஜர் டர்ன்ட் எவ்ரி ஒன் ஆஃப் அவர் ரிக்வெஸ்ட்ஸ் டவுன் வித்அவுட் ஈவன் ரீடிங் தெம்." டர்ன்ட் என்றதும் திரும்பினார் என்று எழுதிவிட்டு, டவுன் வரும்போது அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். விட்டுவிட்ட அந்த ஒரு சொல்லில்தான் மேலாளர் மறுத்துவிட்ட செய்தியே இருக்கிறது.

சரிசெய்யும் வழி: வினைக்கு அடுத்து வருகிற செயப்படுபொருளை முழுசாக ஒரு கட்டத்துக்குள் அடையுங்கள். இங்கே "எவ்ரி ஒன் ஆஃப் அவர் ரிக்வெஸ்ட்ஸ்" மொத்தமும் ஒரு கட்டம். கட்டத்தின் வலது சுவரை ஒட்டி என்ன நிற்கிறது என்று பாருங்கள். டவுன். டர்ன் டவுன், மறுத்துவிடுவது. முடிந்தது.

எவ்வளவு தூரம் தேடுவது என்று கேட்பார்கள். இட், தெம், ஹிம் மாதிரி சுட்டுப்பெயர் வந்தால், இப்படிப் பிரிகிற வினைகளில் வால் கட்டாயம் அதற்குப் பின்னால்தான் வரும்: "கால் இட் ஆஃப்" என்பார்கள், "கால் ஆஃப் இட்" என்று யாரும் சொல்வதில்லை. மாறாக, செயப்படுபொருள் ரொம்ப நீளமாக இருந்தால் ஆங்கிலக்காரர்களே வாலை வினையோடு ஒட்டித்தான் எழுதுவார்கள், கேட்பவர் காத்திருக்க வேண்டாமே என்று. அதனால் வினையை ஒட்டியும் கட்டத்தின் சுவரிலும் வால் இல்லையென்றால் வாக்கியத்தின் கடைசி வரைக்கும் துழாவ வேண்டாம், அந்த வினைக்கு வால் இல்லை.

அறிகுறி: வால்கள் வரிசையாக நின்று ஒன்றோடொன்று மோதுகின்றன

இதுதான் அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது, இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

"தி ஹவுஸ் ஹி வாஸ் ப்ராட் அப் இன் வாஸ் புல்ட் டவுன் டு மேக் வே ஃபார் தி ஃப்ளைஓவர்."

அப், இன், வாஸ் என்று மூன்று குட்டிச் சொற்கள் வரிசையாக வருகிற இடத்தில் கண் வழுக்கிவிடும். அவரைக் கொண்டுவந்தார்கள், மேலே, உள்ளே என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். "வாஸ் ப்ராட்", "வாஸ் புல்ட்". இரண்டு முழு வினைகள், நடுவில் ஆண்ட் இல்லை, பட் இல்லை. அப்படியானால் ஒரு வாக்கியம் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருக்கிறது, அதைக் காட்ட வேண்டிய விச் அல்லது தட் விடுபட்டிருக்கிறது. ஹவுஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் பென்சிலால் விச் என்று எழுதிவிடுங்கள். உடனே மூச்சு விட இடம் கிடைக்கும்.

அடுத்து ஒவ்வொரு குட்டிச் சொல்லில் இருந்தும் அதன் சொந்தக்கார வினைக்கு ஒரு வில் வரையுங்கள். அப் இருந்து ப்ராட் வரைக்கும் ஒரு வில்: ப்ராட் அப், வளர்த்தார்கள். டவுன் இருந்து புல்ட் வரைக்கும் ஒரு வில்: இடித்துத் தள்ளினார்கள். இன் மட்டும் மிஞ்சுகிறது. எந்த வினையும் அதைச் சொந்தம் கொண்டாடவில்லை, ஆகவே அது வால் கிடையாது, வெறும் வேற்றுமை உருபு. அது யாரைத் தேடுகிறது என்று பார்க்க, முன்னால் போய்விட்ட பெயரை அதன் பழைய இடத்தில் திருப்பி வையுங்கள்: "ஹி வாஸ் ப்ராட் அப் இன் தி ஹவுஸ்." அந்த வீட்டில் வளர்ந்தார். சரியாக உட்கார்ந்துவிட்டது.

அவர் வளர்ந்த வீட்டை மேம்பாலத்துக்கு இடம் வேண்டுமென்று இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

போன வருடம் ஒரு மாணவி, தன் நோட்டில் இந்த வாக்கியத்துக்குக் கீழே எல்லா விற்களையும் போட்டுவிட்டு, இன் என்ற சொல்லை மட்டும் வட்டம் போட்டு, "சார், தமிழில் எழுதினால் இது எங்கேயுமே வரவில்லையே, விட்டுவிட்டேனா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எனக்கே இந்தப் பழுதின் வேரைக் காட்டியது. அவர் வளர்ந்த வீடு என்று தமிழில் சொன்னால் இல் என்ற உருபு கிடையாது. நான் வந்த பஸ், அவர் எழுதின பேனா, காய் வெட்டின கத்தி, எதிலும் உருபு இல்லை, பெயரெச்சம் அதை விழுங்கிவிடுகிறது. ஆங்கிலம் விழுங்குவதில்லை, இன், வித், ஆன் என்று வாசலிலேயே விட்டுவிட்டுப் போகும். நம் காதுக்கு அங்கே ஒரு சொல் இருக்க வேண்டிய தேவையே தோன்றாததால், அதை முன்னால் இருக்கிற வினைக்கு வாலாக மாட்டிவிடுகிறோம். தமிழில் எழுதும்போது ஒரு குட்டிச் சொல் காணாமல் போனால் பதற வேண்டாம், அது பெயரெச்சத்துக்குள் போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மூன்று சொல் சேர்ந்த வினைகள் இருக்கின்றன, அங்கே மிஞ்சுகிற சொல்லும் வினைக்கே சொந்தம். "தி நாய்ஸ் வி ஹேவ் ஹேட் டு புட் அப் வித் சின்ஸ் தி மில் ஸ்டார்ட்டட் நைட் ஷிஃப்ட்ஸ் இஸ் கெட்டிங் வொர்ஸ்." இங்கே வித், சின்ஸ் இரண்டும் மோதுகின்றன. வித் சின்ஸ் என்று சேர்த்துப் படித்தால் தொலைந்தோம். பெயரைத் திருப்பி வையுங்கள்: "புட் அப் வித் தி நாய்ஸ்." சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது. வித் போன பிறகு புட் அப் என்று மட்டும் நின்றால் பொறுமைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. வித் முடிந்த இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு சின்ஸ் முதல் புதிதாகப் படியுங்கள். மில்லில் இரவு ஷிஃப்ட் தொடங்கியதில் இருந்து நாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிற சத்தம் இன்னும் மோசமாகிக்கொண்டே போகிறது.

அறிகுறி: வால் மாதிரி இருக்கிறது, ஆனால் அகராதிப் பொருள் போட்டால் சிரிப்பாக வருகிறது

ஃப்ரேஸல் வெர்ப் பட்டியலை மும்முரமாகப் படித்தவர்களுக்கு வருகிற பழுது இது. எங்கே பார்த்தாலும் வால் தெரியும்.

"ஹி ரேன் அப் தி ஹில்." "ஹி ரேன் அப் எ பில்." முதலாவதில் மலை மேல் ஓடினார், இரண்டாவதில் கடன் பாக்கியை ஏற்றிவைத்தார். எழுத்தில் ஒரே அமைப்பு. எப்படிப் பிரிப்பது?

எங்கே என்று கேட்டுப் பாருங்கள். எங்கே ஓடினார்? மலை மேல். பொருந்துகிறது, ஆகவே அப் அங்கே இடத்தைக் காட்டுகிற சொல், வால் இல்லை. பில் மேல் எங்கே ஓடுவது? பொருந்தாது, ஆகவே வால். இது போதவில்லையென்றால் சுட்டுப்பெயரைப் போட்டுப் பாருங்கள்: மலையென்றால் "ரேன் அப் இட்", பில் என்றால் "ரேன் இட் அப்". இட் நடுவில் புகுந்தால் வால், கடைசிக்குப் போனால் பெரும்பாலும் இல்லை.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. லுக் ஆஃப்டர் மாதிரி பிரியாத வினைகள் உண்டு, "லுக் ஆஃப்டர் ஹிம்" என்றுதான் வரும், நடுவில் எதையும் விடாது. அதனால் இட் கடைசியில் வந்தாலும் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் அதையும் ஒரே சொல்லாகவே எடுங்கள்.

இடம் மாறினால் பொருளே மாறுகிற வினைகளும் உண்டு. "ஐ சா த்ரூ ஹிம்" என்றால் அவனுடைய ஏமாற்று வேலையைக் கண்டுகொண்டேன். "ஐ சா ஹிம் த்ரூ" என்றால் கஷ்டகாலம் முடியும்வரை கூட நின்றேன். அதேபோல "ஷி டர்ன்ட் இட் ஆன்" என்றால் விசிறியைப் போட்டாள், "தி டாக் டர்ன்ட் ஆன் ஹிம்" என்றால் நாய் திடீரென்று அவர்மேலேயே பாய்ந்தது. சொற்கள் அதே சொற்கள்தான், ஹிம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

அறிகுறி: அகராதியில் எட்டுப் பொருள், எதை எடுப்பது?

முதலில் கண்ணில் படுகிற பொருளை எடுத்துக்கொண்டு கீழே போகாமல் இருப்பதுதான் வழக்கமான காரணம். மேக் அவுட் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் செக் இருந்தால் செக் எழுதிக் கொடுப்பது. கையெழுத்தோ தூரத்தில் ஒரு உருவமோ இருந்தால் என்னவென்று அடையாளம் தெரிவது. கேஸ் இருந்தால், அதுவும் "நோ கேஸ் இஸ் மேட் அவுட்" என்று நீதிமன்றச் செய்தியில் வந்தால், குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இல்லை என்பது. பொருளைத் தீர்மானிப்பது வினை இல்லை, பக்கத்தில் நிற்கிற பெயர்ச்சொல்தான். ஆகவே அகராதியில் முதலில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்து, உங்கள் பெயர்ச்சொல்லுக்கு இனமான பெயர் எதில் வருகிறது என்று தேடுங்கள்.

செயப்படுபொருளே இல்லையென்றால் எழுவாயைப் பாருங்கள். கோ ஆஃப் என்பதில் அலாரம் என்றால் அடித்தது, வெடிகுண்டு என்றால் வெடித்தது, பால் என்றால் திரிந்துபோனது, விளக்கு என்றால் அணைந்தது. அலாரமும் விளக்கும் ஒரே வினையில் எதிரெதிராகப் போவதைப் பார்த்தாலே, வினையை மட்டும் மனப்பாடம் செய்வது ஏன் பயன்படாது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன வசதி. கற்போருக்கான அகராதிகளில் வினைக்கும் வாலுக்கும் நடுவில் சம்திங் அல்லது சம்பாடி என்று போட்டிருப்பார்கள், சிலவற்றில் இரு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி இருக்கும். அந்த அம்பு இருந்தால் பிரியும் வினை. சம்திங்கா சம்பாடியா என்பதும் முக்கியம்: புட் சம்திங் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது, புட் சம்பாடி ஆஃப் என்றால் ஒருவருக்கு ஆர்வம் விட்டுப்போகச் செய்வது என்ற பொருளும் வரும். அந்த ஒரு குறிப்பைப் பார்க்காமல் பொருளுக்கு ஓடுவதால் பாதி நேரம் வீணாகிறது.

அறிகுறி: நேர் எதிராகப் புரிந்துகொண்டுவிட்டேன்

இரண்டு காரணம். ஒன்று, வால் முன்னால் போய் ஒட்டிக்கொண்ட சொல்லை, பின்னால் வால் உள்ள சொல்லாக எடுத்துக்கொள்வது. லுக் ஓவர் என்றால் சரிபார்ப்பது, ஓவர்லுக் என்றால் கவனிக்காமல் விடுவது. ஹோல்ட் அப் என்றால் தாமதப்படுத்துவது, அப்ஹோல்ட் என்றால் தீர்ப்பை உறுதிசெய்வது. "தி ஹை கோர்ட் அப்ஹெல்ட் தி ஆர்டர்" என்பதைப் படித்துவிட்டு உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது என்று எழுதிய தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். சோதனை ரொம்ப எளிது: ஒரே சொல்லாக ஒட்டி எழுதியிருக்கிறதா, இரண்டாகவா? ஒட்டியிருந்தால் அதை ஃப்ரேஸல் வெர்ப் என்றே நினைக்காதீர்கள், தனிச் சொல்லாக அகராதியில் பாருங்கள்.

இரண்டாவது, வினைக்கு முன்னால் எங்கேயோ ஒளிந்திருக்கிற மறுப்பு. "இட் வாஸ் நாட் அன்டில் தி தர்ட் ஹியரிங் தட் தி கம்பெனி பேக்ட் டவுன்." நாட் இருப்பதால் பின்வாங்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். மூன்றாவது விசாரணை வந்த பிறகுதான் நிறுவனம் பின்வாங்கியது என்பதுதான் விஷயம், பின்வாங்கிவிட்டது. நாட் அன்டில் வந்தால் தமிழில் பிறகுதான் என்று போட்டுப் பாருங்கள், அநேகமாக எல்லா இடத்திலும் சரியாக வரும். "ஃபார் ஃப்ரம் கிவிங் இன், தி யூனியன்..." என்று தொடங்கினால் அங்கே சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை, நாட் என்ற சொல்லே இல்லாமல் மறுப்பு வந்துவிட்டது.

அறிகுறி: லுக்கிங் ஃபார்வர்டு டு என்றால் டு வுக்குப் பின்னால் ஐஎன்ஜி எப்படி வருகிறது?

அந்த டு வினையின் வால், வேற்றுமை உருபு மாதிரி வேலை செய்வது. டு வுக்குப் பின்னால் இட் போட்டுப் பாருங்கள், "லுக்கிங் ஃபார்வர்டு டு இட்" என்று பொருந்துகிறதல்லவா, அப்படியானால் அங்கே பெயரோ ஐஎன்ஜி சொல்லோதான் வரும். "ஓன் அப் டு" (செய்ததை ஒப்புக்கொள்வது), "கெட் ரவுண்டு டு" (ஒருவழியாக நேரம் கிடைத்துச் செய்வது) எல்லாம் இதே குடும்பம்.

அறிகுறி: அகராதி ஒன்று சொல்கிறது, நம் ஊர் ஆபீஸ் இன்னொன்று சொல்கிறது

"ஃபைல் புட்டப் பண்ணியாச்சா?" என்று கேட்டால், உத்தரவுக்காகக் கோப்பை மேலதிகாரி முன் வைத்தாயிற்றா என்று பொருள். "வேர் ஆர் யூ புட்டிங் அப்?" என்றால் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பது. பாஸ் அவுட் என்றால் நமக்குப் படித்து முடித்தது, வெளிநாட்டுக்காரருக்கு மயங்கி விழுந்தது. இது முழுக்க நம் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது, பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடிந்து நடக்கிற அணிவகுப்புக்கே பாசிங் அவுட் பரேடு என்றுதான் பெயர். வாக்கியத்தை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். சமாளிப்பது என்ற பொருளில் கோப் அப் வித் என்று நாம் எழுதுவதில் அப் மட்டும் வேண்டாம், கோப் வித் போதும். அகராதியில் தேடும்போது கிடைக்காமல் அலைய வேண்டாமே என்று சொல்கிறேன்.

அறிகுறி: பொருள் அகராதிப்படி சரி, ஆனால் விஷயம் தப்பாகப் போகிறது

செலவு அதிகமான பழுது இதுதான், ஏனென்றால் இங்கே பணமும் உரிமையும் இருக்கிறது. அகராதியில் இருக்கிற பொதுப் பொருளும், அந்தத் துறையில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற பொருளும் விலகி நிற்கும்.

வங்கிகள் இத்தனை கோடி கடனை ரிட்டன் ஆஃப் (ரைட் ஆஃப் என்ற வினையின் இன்னொரு வடிவம்) செய்தன என்று செய்தி வரும். தமிழில் உடனே தள்ளுபடி என்று எழுதிவிடுகிறோம். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு, கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளுக்கு இருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதற்கு ஆங்கிலத்தில் வேவ் என்ற வினை, வாலே இல்லாதது. அங்கே கடன் வாங்கியவர் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ரைட் ஆஃப் என்பது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் இருந்து அந்தக் கடனை எடுத்துவிடுவது, வாங்கியவருடைய பொறுப்பு அப்படியே நிற்கும், வசூல் நடவடிக்கையும் தொடரலாம். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் எழுதுவதால் எத்தனை டீக்கடை விவாதம் தப்பான தடத்தில் போயிருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. கணக்கிலிருந்து நீக்கியது என்று எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.

நீதிமன்றச் செய்தியில் ஸ்ட்ரக் டவுன், ரெட் டவுன் இரண்டும் வரும். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஸ்ட்ரக் டவுன் செய்தது, அந்தப் பிரிவே செல்லாது என்றது. 2018 செப்டம்பர் 6 அன்று அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவை ரெட் டவுன் செய்தது: வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்று எல்லையைச் சுருக்கி, மற்றவற்றுக்கு அந்தப் பிரிவை அப்படியே விட்டுவைத்தது. டவுன் என்ற வாலைப் பார்த்து இரண்டையும் ரத்து என்று எழுதினால் ஒரு தீர்ப்பின் பாதி காணாமல் போய்விடும். கூடவே ரெட் என்பதை வாசித்தார் என்று எடுத்துக்கொண்டு, நீதிபதி பிரிவை வாசித்தார் என்று எழுதுகிறவர்களும் உண்டு.

சோதனை: வாக்கியத்தில் வங்கி, வரி, நீதிமன்றம், காப்பீடு, ஒப்பந்தம் என்று ஏதாவது இருந்தால், பொது அகராதியை மூடிவிட்டு அந்த வினையோடு துறைப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். செட் ஆஃப் என்றால் பொதுவாகக் கிளம்புவது. வங்கி ஒப்பந்தத்தில் வந்தால், உங்கள் டெபாசிட்டில் இருந்து உங்கள் கடன் பாக்கியைக் கழித்துக்கொள்ளும் உரிமை.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

தேர்வுத்தாள், கதை, செய்தி இதற்கெல்லாம் மேலே சொன்னது போதும், தப்பு வந்தாலும் ஒரு மார்க்கோடு போய்விடும். உங்கள் கையெழுத்து விழப்போகிற தாளில், அல்லது உடம்பு சம்பந்தப்பட்ட தாளில் ஒரே ஒரு ஃப்ரேஸல் வெர்ப் சந்தேகமாக இருந்தாலும் நீங்களே தீர்மானிக்காதீர்கள். கடன் ஒப்பந்தமென்றால் வக்கீல், வரித் தாளென்றால் ஆடிட்டர், மருந்துச் சீட்டென்றால் எழுதிக் கொடுத்த டாக்டர்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த தாளை என்னிடம் கொண்டுவந்தார்கள். உப்புக்கு நேராக "கட் டவுன் ஆன்", புகையிலைக்கு நேராக "கட் அவுட்" என்று இருந்தது. வீட்டில் இரண்டையும் வெட்டு என்றே படித்து, பத்து நாளாக உப்பே இல்லாத கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புகையிலையையோ கொஞ்சம் கொஞ்சமாக விடலாம் என்று இருந்துவிட்டார்கள். கட் டவுன் ஆன் என்றால் குறைப்பது, கட் அவுட் என்றால் அறவே விடுவது. எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் நான் பதில் சொல்லவில்லை, டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன், ஏனென்றால் குறைப்பது என்றால் எவ்வளவு என்பது அந்தத் தாளில் இல்லை.

கேட்கும்போது அந்தச் சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்காதீர்கள், அவர்களும் அவசரத்தில் பொதுப் பொருளைச் சொல்லிவிடுவார்கள். முழு வாக்கியத்தையும் காட்டி, வாலில்லாத சாதாரண வினையில் கேளுங்கள்: "டாக்டர், குறைக்கணுமா, நிறுத்தணுமா? குறைக்கணும்னா ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன்?" பெரியவர் வீட்டில் அப்படித்தான் கேட்டார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் அரை ஸ்பூன் போடலாம், புகையிலை இன்றைக்கே நிற்க வேண்டும் என்று பதில் வந்தது. அதைத் தமிழில், பேனாவால், அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.